பழைய மோட்டார் வண்டியின் கோற் பிறேக்கு

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் ஓட்டத்தைப் பற்றியே பேசுவர். இயந்திரம் எத்துணை வலுவுடையது, ஒரு கலன் பெற்றோலுக்கு எத்தனை மைல் போகும், ஏற்றத்தில் இளைக்குமோ இளைக்காதோ என்பனவே அவர்தம் உரையாடலில் இடம்பெறும். ஓடுகின்ற வண்டியை நிறுத்துதற்கு அமைந்த கருவியைப் பற்றி வாய்திறப்பார் அரியர். அதிலும், இன்றைய வண்டிகளில் இல்லாததும் நம் தந்தையர் காலத்து வண்டிகளில் இருந்ததுமாகிய கோற் பிறேக்கைப் பற்றித் தமிழில் எழுதினாரை யாம் கண்டிலேம். ஆகவே இவ்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் கேட்டபொழுது இதனையே எழுதத் துணிந்தேம். இலக்கணமோ இலக்கியமோ எழுதுவேம் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். தமிழ் கற்பிப்போர் கையிற் கிறீசு படியலாகாது என்று விதி ஒன்றும் இல்லையே.

இதனை எழுதுதற்குக் காரணமும் உண்டு. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் பலவற்றில், கொட்டிலின் ஒரு புறத்தே, பாட்டனாரோ தந்தையாரோ வாங்கிய வண்டி ஒன்று தூசி படிந்து நிற்கின்றது. பேபி ஒஸ்ரின், போர்ட் பிறிபெக்ற், ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் என அவற்றின் பெயர்களை நம் பழைய மாணவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. 1990ஆம் ஆண்டின் பின் எரிபொருள் இங்கு வருதல் தடைப்பட்ட காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி ஊரைக் காத்தவை இவ்வினத்து வண்டிகளே. இப்பொழுது இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் பழைய மாணவர் சிலர், 'அப்பாவின் காரை ஒருக்கால் தெருவில் ஓட்டிப் பார்க்க வேண்டும்' என்று விரும்புகின்றனர். விருப்பம் நல்லதே. ஆயின் அவர்கள் முதலிற் செய்விப்பது இயந்திரத்தை உயிர்ப்பித்தல். அது முழங்கிய அன்றே வண்டி தெருவுக்கு வந்துவிடுகின்றது. பிறேக்கைப் பற்றிய எண்ணம் முதலாம் சந்தியிலேதான் தோன்றுகின்றது.

பிறேக்கு இருவகைப்படும். மிதியை மிதித்தபொழுது குழாயில் அடைபட்ட எண்ணெய் அழுத்தத்தைச் சில்லுக்குக் கொண்டுசெல்வது ஒருவகை. மிதிக்கும் சில்லுக்கும் இடையே உருக்குக் கோலோ வடமோ நின்று இழுத்து அவ்வேலையைச் செய்வது மற்றொரு வகை. எண்ணெய்ப் பிறேக்கு புதியது என்றும் கோற் பிறேக்கு மிகப் பழையது என்றும் பலர் எண்ணுவர். அஃது ஓரளவே உண்மை. அமெரிக்காவில் 1921ஆம் ஆண்டளவிலேயே டியூசன்பேர்க் வண்டியில் நான்கு சில்லுக்கும் எண்ணெய்ப் பிறேக்கு அமைந்துவிட்டது. ஆனால் ஹென்றி போர்ட் அதனை எளிதில் ஏற்றாரல்லர். மிதியிலிருந்து சில்லு வரையும் உருக்கே நிற்பது பாதுகாப்பு என்று விளம்பரஞ் செய்து வந்த அவரது நிறுவனம், 1939ஆம் ஆண்டு வண்டிகளிலேதான் எண்ணெய்ப் பிறேக்குக்கு மாறியது. இங்கிலாந்தில் அந்நிறுவனத்தார் செய்த சிறு வண்டிகளிலோ கோற் பிறேக்கு மேலும் பல்லாண்டு நிலைத்தது. 1949 முதல் 1953 வரை டகன்ஹாமிற் செய்யப்பட்ட பிறிபெக்ற் வண்டி கோற் பிறேக்குடையது. அதன் பின் வந்த மலிவு வண்டியாகிய பொப்பியூலர் 1959இல் நிறுத்தப்படும் வரையும் அதே முறையைக் கொண்டிருந்தது.

பிறிபெக்ற் வண்டியில் உள்ளது கேர்லிங் என்பாரின் அமைப்பு. அவர் அதற்கு 1925இற் காப்புரிமை பெற்றார். பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் அது பயின்று வந்தது. வண்டிக்கு வண்டி கோல்களின் எண்ணும் கிடக்கையும் வேறுபடுமாயினும் அமைப்பின் நெறி ஒன்றே. ஆதலின் அதனையே இங்கு விரித்துரைப்பேம்.

சாரதி மிதியை அழுத்துகின்றார். மிதி ஒரு நெம்பு. அதன் கீழ்முனை ஒரு கோலை இழுக்கின்றது. அக்கோல், வண்டியின் சட்டத்தின் குறுக்கே கிடக்கும் தண்டொன்றைச் சிறிது சுழற்றுகின்றது. இதனைக் குறுக்குத் தண்டு என்போம். குறுக்குத் தண்டிலே பொருந்திய நெம்புகளிலிருந்து இழுகோல்கள் முன்னும் பின்னுமாகச் சில்லுகளை நோக்கிச் செல்கின்றன. இக்கோல்கள் யாவும் இழுக்கும் தொழிலையே செய்வன, தள்ளும் தொழிலைச் செய்யா. தள்ளப்படும் மெல்லிய கோல் வளையும், இழுக்கப்படும் கோலோ நேராகும். ஒவ்வொரு கோலின் முனையிலும் கவை போன்ற ஓர் உறுப்பு உண்டு. கவையின் இரு கிளைகளுக்கும் நடுவே நெம்பின் முனை புகுந்து நிற்க, மூன்றையும் ஊடுருவி ஓர் ஊசி செல்லும். அவ்வூசி கழன்று விழாவண்ணம் அதன் துளையிலே பிளவாணி, அதாவது திருத்துநர் ஸ்பிளிற் பின் என்பது, மாட்டப்பட்டிருக்கும்.

சில்லின் உள்ளே நிகழ்வது இனிக் கூறப்படும். சில்லோடு சுழலும் வட்டப் பாத்திரத்தை றம் என்றும், அதனுள்ளே சுழலாது நிற்கும் பிறைவடிவத் துண்டுகள் இரண்டினையும் சூ என்றும் திருத்துநர் வழங்குவர். சூவின் முதுகில் உராய்வைத் தரும் லைனிங் பொருத்தப்பட்டிருக்கும். இரு சூக்களின் ஒரு பக்கத்து முனைகளுக்கு இடையே ஓர் ஆப்பு உண்டு. இழுகோல் அவ்வாப்பை இழுக்கும்பொழுது அஃது இரண்டு சிறு உருளைகளுக்கு இடையே நுழைந்து அவற்றை விலக்கும். உருளைகள் தள்ளுகட்டைகளை விலக்கும். கட்டைகள் சூக்களை விலக்கி றம்மோடு அழுத்தும். விறகு பிளப்போன் ஆப்பறைந்து மரத்தை விரிப்பதும் இதுவும் ஒரே தத்துவம். இவ்வாப்பு அமைந்த உறை பின்தகட்டில் இறுகப் பிணிக்கப்படாமற் சிறிது அசையத்தக்கதாக விடப்பட்டிருக்கும். அவ்வசைவினாலேதான் இரு சூக்களும் தாமே நடுப்பெற்று ஒத்த அளவில் அழுத்துகின்றன. சூக்களின் எதிர்ப்பக்கத்து முனைகளுக்கு இடையே மற்றுமோர் ஆப்பு உண்டு. அது கோலோடு தொடர்பில்லாதது. பின்தகட்டின் வெளியே நீண்டு நிற்கும் சதுரத் தலையுடைய ஆணியைத் திருகினால் அவ்வாப்பு உள்ளே சென்று சூக்களை றம்முக்கு அண்மையிற் கொண்டுவரும். திருகுந்தோறும் 'கிளிக்' என்று கைக்கு ஓர் உணர்வு தோன்றும். லைனிங் தேயத் தேய அத்தேய்வை ஈடுசெய்வதற்கு அமைந்தது இச்சரிசெய் ஆணியே. வேறெதுவும் அன்று. இக்கட்டுரையில் யாம் வற்புறுத்த விரும்புவதும் இதுவே.

இதன் காரணம் எளிய கணக்கொன்றால் விளங்கும். நாம் காலால் இடும் எத்தனம் சூவின் முனையிலே பன்மடங்காகப் பெருகுகின்றது. பாட்டுப்பாடி வலு பெருகுவதில்லை, தூரத்தை விற்றே வலுவை வாங்குகின்றோம். எடுத்துக்காட்டாக, மிதியிலிருந்து சூ வரையும் உள்ள பெருக்கம் 60 மடங்கு என்று கொள்க. மிதி 6 அங்குலம், அதாவது ஏறத்தாழ 150 மில்லிமீற்றர், கீழே செல்லக்கூடுமாயின் சூவின் முனை விலகக்கூடிய தூரம் இரண்டரை மில்லிமீற்றர் மாத்திரமே. லைனிங் 1 மில்லிமீற்றர் தேய்ந்தால் மிதி 60 மில்லிமீற்றர் வீணே கீழிறங்கும். வண்டி நிற்கத் தொடங்குமுன் மிதியின் தூரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். அன்றியும், ஊசிகளும் துளைகளும் தேய்வதனாலும் இழப்பு உண்டு. மிதியிலிருந்து ஒரு சில்லு வரையும் ஆறு மூட்டுக்கள் உள்ளன என்றும், ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீற்றர் தளர்வு என்றும் கொள்வோமாயின் மொத்தம் 3 மில்லிமீற்றர். மிதிக்கும் கோலுக்கும் இடையே பெருக்கம் 5 மடங்காயின் மிதியில் அது 15 மில்லிமீற்றராகும். ஆகவே மிதி தாழ்ந்துவிட்டது என்னும் ஒரே குறிக்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் உள. சூவுக்கும் றம்முக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒன்று, கோல்களின் மூட்டுத் தளர்வு மற்றொன்று. முன்னதற்கு மருந்து சரிசெய் ஆணி. பின்னதற்கு மருந்து புதிய ஊசி. நோய் இன்னதெனத் தேறாமல் ஒன்றன் மருந்தை மற்றொன்றுக்கு இடுவதனாலேதான் கேடு விளைகின்றது.

அஃது எவ்வாறெனின், கோலின் கவைமுனையிலே திருகுபுரி உண்டு. கவையைத் திருகினால் கோல் குறுகும். வண்டியின் கீழே படுத்துச் சில்லுச் சில்லாகத் திருகித் திரிவதினும் ஒரு கோலைக் குறுக்குதல் எளிது. மிதி உடனே மேலே நிற்கும். உரிமையாளரும் மகிழ்வர். ஆனால் நிகழ்ந்தது யாது? ஆப்பு தன் ஓய்வுநிலைக்குத் திரும்பாமற் பாதி இழுபட்டபடியே நிற்கின்றது. அது செல்லவேண்டிய தூரத்திற் பாதி முன்னரே செலவாகிவிட்டது. மேடுபள்ளத்தில் வில் அமுங்கி அச்சு அசையும்பொழுது, தளர்வற்ற கோல் தானே இழுபட்டுச் சாரதி மிதியாமலே பிறேக்குப் பிடிக்கின்றது. எல்லாவற்றினும் தீயது, வலக்கோலும் இடக்கோலும் நீளத்தால் வேறுபட்டு, ஒரு பக்கச் சில்லு முந்திப் பிடித்தல்.

இதனை யாம் ஏட்டிற் படித்து எழுதவில்லை. சில ஆண்டுகளின் முன் நண்பர் ஒருவரின் பிறிபெக்ற் வண்டியிலே நுவரெலியாவுக்குச் சென்றேம். புறப்படுமுன் வண்டி ஒரு திருத்தகத்திற் சரிபார்க்கப்பட்டிருந்தது. மிதி உயர்ந்து நின்றது. யாழ்ப்பாணக் குடாநாடோ தட்டை நிலம். சைக்கிளையும் மாட்டையும் கண்டு மெல்ல மிதிப்பதன்றி வன்மையாக மிதிக்க இங்கே இடமில்லை. ஆதலால் பிறேக்கின் குற்றம் இந்நிலத்தில் வெளிப்படுவதில்லை. சீதை அம்மன் கோயிலை வழிபட்டு மீள்கையில், இறம்பொடை வளைவுகளில் இறங்கும்பொழுது நண்பர் சற்றே வன்மையாக மிதித்தார். வண்டி வலப்புறம் பாய்ந்தது. எதிரே வாகனம் ஒன்றும் இல்லாமையாலும், அவர் உடனே மிதியை விட்டு இரண்டாம் கியரைப் போட்டமையாலும் தெருவின் ஓரத்து மண்ணணையில் முட்டி நின்றேம். வண்டியுள் இருந்தோர் ஐவர், ஒருவர் எழுபது கடந்த மூதாட்டி. கண்டி வரையும் இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து வந்தேம்.

ஊருக்கு மீண்டபின் வண்டியை உயர்த்திப் பார்த்தபொழுது காரணம் தெளிவாயிற்று. முன் வலச்சில்லின் சரிசெய் ஆணி கறள் பிடித்து அசையாது நின்றது. அதனைக் கழற்றித் துப்புரவாக்கும் பொறுமையின்றி வலக்கோலின் கவையைப் பல சுற்றுத் திருகிக் குறுக்கியிருந்தனர். இடக்கோல் முன்போலவே இருந்தது. மெல்ல மிதிக்கையில் இவ்வேறுபாடு சிறிது, வன்மையாக மிதிக்கையிலோ வலச்சில்லே வண்டியின் பாரத்தை எல்லாம் தாங்கிற்று. அவ்வாணியை விடுவிப்பதற்கு மண்ணெண்ணெயும் இரண்டு நாட் பொறுமையுமே தேவைப்பட்டன.

இனிப் பராமரிக்கும் முறையைக் கூறுவேம். முதலாவது, வண்டியை உயர்த்துதல். நம் வளவுகள் பலவும் மணற்பாங்கானவை. ஜாக்கியின் அடியில் தடித்த பலகை இடாவிடின் அது புதையும். ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டியின் கீழே தலையைக் கொடுத்தல் ஒருபோதும் ஆகாது. அச்சின் கீழே பனங்குற்றி வைக்க வேண்டும். சீமெந்துக் கல்லும் செங்கல்லும் திடீரென உடையும் இயல்பின. பனங்குற்றி உடையுமுன் முனகும். நான்கு சில்லும் நிலத்தை விட்டு நீங்கியிருத்தல் நன்று.

இரண்டாவது, றம்மைக் கழற்றியதும் உள்ளே கருந்தூள் கிடக்கும். அதனை வாயால் ஊதித் தள்ளுதல் நம் திருத்தகங்களிற் பழகிப்போன வழக்கம். பழைய லைனிங்குகள் கல்நார் கொண்டு செய்யப்பட்டவை. அத்தூள் நுரையீரலிற் படிந்து நெடுங்காலத்தின் பின் கொடுநோயை விளைக்கும். ஈரத்துணியால் ஒற்றித் துடைத்து, துணியையும் பொதிந்து புதைக்க. காற்றமுக்கியைக் கொண்டு ஊதுதல் வாயால் ஊதுவதினும் தீது. இவ்வேலையின்போது மாணவரையோ பிள்ளைகளையோ அருகில் நிற்க விடலாகாது. லைனிங்கில் எண்ணெயோ கிறீசோ ஊறியிருப்பின் அது கழுவுதலால் நீங்காது. வெயிலிலிட்டாலும் நெருப்பிற் காய்ச்சினாலும் சூடேறியபொழுது மீண்டும் கசியும். மாற்றுதலே வழி. மாற்றும்பொழுது ஒரே அச்சின் இரு பக்கமும் ஒருங்கே மாற்றுக.

மூன்றாவது, மூட்டுக்கள். இதுவே பொறுமையை வேண்டும் வேலை. நன்னூல் கற்றோர் விகாரப் புணர்ச்சி தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும் என அறிவர். சொற்களின் புணர்ச்சியில் மூன்றும் தக்கன. கோல்களின் புணர்ச்சியிலோ மூன்றும் குற்றம்: கறள் தோன்றல், கோல் திரிதல், ஊசி கெடுதல். ஒவ்வொரு பிளவாணியையும் நீக்கி, ஊசியைக் கழற்றி, மண்ணெண்ணெயிற் கழுவுக. விரல் நகத்தை ஊசியின் மேல் ஓட்டினால் தேய்ந்த இடத்திற் படி தட்டுப்படும். படியுள்ள ஊசியை வீசிவிடுக. துளை நீள்வட்டமாகியிருப்பின் புதிய ஊசி மாத்திரம் பயன்தராது. துளையை அகற்றி வட்டமாக்கிப் பருத்த ஊசி இடவேண்டும், அல்லது துளையுள் உறையொன்று பொருத்தவேண்டும். இதற்குக் கடைசற்பொறி உள்ள பட்டறையை நாடுக. வளைந்த கோலை நேராக்கலாம். முறிந்து நடுவிற் பற்றவைக்கப்பட்ட கோலை நம்பலாகாது. பிளவாணிக்குப் பதிலாகச் சைக்கிள் கம்பித் துண்டையோ ஆணியையோ வளைத்து மாட்டியிருப்பதை யாம் பல வண்டிகளிற் கண்டுள்ளேம். சில ரூபாவுக்கு வாங்கக்கூடிய ஒரு பொருளின் இடத்தே நான்கு உயிரைத் தொங்கவிடும் செயல் அது. கழற்றிய பிளவாணியை மீண்டும் மாட்டுதலும் கூடாது, ஒருமுறை வளைந்த கால் மறுமுறை ஒடியும்.

குறுக்குத் தண்டின் தாங்கிகளும், பின் அச்சின் மேலே இரு பின்சில்லுக்கும் இழுவையைப் பங்கிடும் சமன்செய் நெம்பு உள்ள வண்டிகளில் அதன் நடுவூசியும், கிறீசு காணாமல் இறுகிக் கிடப்பது வழக்கம். சமன்செய் நெம்பு இறுகிவிட்டால் அது பங்கிடாது, ஒரு சில்லுக்கே முழுவதையும் கொடுக்கும். கையாற் பிடித்து அசைத்தால் அது தடையின்றி அசைய வேண்டும். நம் பகுதியின் உவர்க்காற்றும், பண்ணை, பொன்னாலைத் தாம்போதிகளில் வீசும் கடற்றிவலையும் இதற்குப் பெரும்பகை. மாரி கழிந்து தை மாதம் பிறந்ததும் ஒருமுறை இம்மூட்டுக்கள் யாவற்றையும் கழுவிக் கிறீசு இடுதல் நலம். ஆப்பு உறையின் உருளைகளுக்கு இடுங் கிறீசு சூட்டில் உருகாததாயும் மிகச் சிறிதளவினதாயும் இருத்தல் வேண்டும். மிகுந்தால் லைனிங்கில் வழியும்.

யாவும் துப்புரவாகிப் பூட்டப்பட்ட பின்னரே கோல்களின் நீளத்தைப் பற்றி எண்ணலாம். கோல்களைக் கழற்றிய வண்டிக்கும், முன்னர் எவரேனும் கோலைக் குறுக்கிய வண்டிக்குமே இது வேண்டும். முறை வருமாறு. கைப்பிறேக்கை முற்றாக விடுவிக்க. மிதி தன் ஓய்வுநிலையிலும் குறுக்குத் தண்டு தன் தடையிலும் நிற்கின்றனவா எனப் பார்க்க. பின்னர் நான்கு சில்லிலும் சரிசெய் ஆணியை வலஞ்சுழியாகத் திருகிச் சூக்கள் றம்மை இறுகப் பற்றும்படி செய்க. சூக்கள் அவ்வாறு பூட்டி நிற்கையில், ஒவ்வொரு கோலின் கவையையும் திருகி, ஊசி எவ்வித வலிந்திழுத்தலும் இன்றித் தானே துளையிற் புகும் நீளத்துக்குக் கொண்டுவருக. கோல் தொங்கவும் கூடாது, வலிக்கவும் கூடாது. அந்நீளத்திலே பூட்டுச்சுரையை இறுக்குக. அதன்பின் கோலை மறந்துவிடலாம்.

அடுத்துச் சரிசெய் ஆணிகளை இடஞ்சுழியாக ஒரு கிளிக் தளர்த்துக. சில்லைக் கையாற் சுழற்றினால் அது தடையின்றிச் சுழலவேண்டும். உராய்ந்தால் மிதியை ஒருமுறை வன்மையாக மிதித்து, சூக்கள் நடுப்பெற்றபின் மறுபடியும் சுழற்றிப் பார்க்க. அப்பொழுதும் உராயின் மேலும் ஒரு கிளிக் தளர்த்துக. இனிமேல் லைனிங் தேயுந்தோறும் செய்யவேண்டுவது இவ்வொன்றே. ஒரு சில்லுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேற் செல்லாது.

சோதித்தல் இரு படியாகும். வண்டி குற்றியின் மேல் நிற்கும்பொழுதே ஒருவர் மிதியை மெல்ல அழுத்திப் பிடிக்க, மற்றொருவர் நான்கு சில்லையும் முறையே கையாற் சுழற்றிப் பார்க்கலாம். வலத்துக்கும் இடத்துக்கும் தடை ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாதாயின் கூடுதலாகப் பிடிக்கும் சில்லைத் தளர்த்துக, குறைவாகப் பிடிப்பதை மேலும் இறுக்கற்க. பின்னர் ஆளரவமற்ற நேரான தெருவில் மணிக்கு 20 மைல் வேகத்திற் சென்று, சுக்கானை மெல்லத் தொட்டபடி மிதித்துப் பார்க்க. வண்டி ஒரு பக்கமும் சாயாமல் நிற்றல் வேண்டும். இரண்டு மூன்று மைல் மிதியைத் தொடாமல் ஓட்டியபின் இறங்கி நான்கு றம்மையும் புறங்கையாற் கிட்டிப் பார்த்தால், எஞ்சியவற்றினும் சூடாயிருப்பது உராய்ந்துகொண்டே வந்தது எனத் தெரியவரும்.

பேபி ஒஸ்ரின் வைத்திருப்போர்க்கு இங்கு ஒரு சொல். அவ்வண்டியில் வடமே இழுக்கின்றது. சூக்களை விரிப்பது ஆப்பன்று, நெம்போடு சுழலும் முட்டுத்துண்டு. 1930க்கு முந்திய வண்டிகளிற் கால்மிதி பின்சில்லுகளையும் கைப்பிறேக்கு முன்சில்லுகளையும் தனித்தனியே பிடிக்கும். அதனை அறியாது காலை மாத்திரம் நம்புவோர் பாதிப் பிறேக்கிலேயே வண்டி ஓட்டுகின்றனர். இவ்வமைப்பில் நெம்பும் வடமும் கூடும் கோணம் முதன்மையானது. மிதி முழுதும் இறங்கிய நிலையில் அது செங்கோணத்துக்கு அண்மையில் இருத்தல் நன்று. அதனைத் தாண்டி 30 பாகை சென்றால் இழுவையின் பயனில் 100க்கு 13 பங்கு கெடும், 45 பாகை சென்றால் 29 பங்கு, 60 பாகை சென்றாற் பாதி. லைனிங் தேய்ந்த வண்டியில் வடத்தை மேன்மேலும் இறுக்குவோர் இப்பயன் குறைவதை அறியார். மிதி உயர்ந்திருக்கும், வண்டி நில்லாது.

ஒஸ்ரின் ஏ 30 வைத்திருப்போர், 'எமது வண்டி எண்ணெய்ப் பிறேக்குடையது, இவையெல்லாம் எமக்கு வேண்டா' எனக் கருதலாகாது. அதன் முன்சில்லுகளே முற்றாக எண்ணெயாற் பிடிப்பன. பின்சில்லுகளுக்கு வண்டியின் கீழேயுள்ள தனிச் சிலிண்டர் ஒன்று கோல்களை இழுக்கின்றது. கைப்பிறேக்கும் அக்கோல்களையே பற்றுகின்றது. ஏ 40 டெவன் வண்டியிலும் முன் எண்ணெய், பின் கோல். திருத்துநர் எண்ணெய்க் குழாயைப் பார்த்துவிட்டுக் கோலைப் பாராது விடுவது இவ்வண்டிகளிலேதான் மிகுதி.

நெடுநாள் கொட்டிலில் நிறுத்தி வைக்கும் வண்டிக்குக் கைப்பிறேக்கு இழுத்து விடுதல் வேண்டா. மாரிக்காலத்து ஈரத்தில் லைனிங் றம்மோடு ஒட்டிக்கொள்ளும். மறுமுறை வண்டியை நகர்த்துகையில் லைனிங் சூவினின்றும் உரிந்து வருதலும் உண்டு. சில்லுக்கு முன்னும் பின்னும் இரண்டு மரக்கட்டை வைத்து, கியரிலே விட்டு, மாதம் ஒருமுறை மிதியைப் பத்துத் தடவை மிதித்துவிடுக.